இரண்டு இருக்கைக் காரும் மஸ்கட் அத்திம்பேரும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு, கூரை என் சட்டைப் பை உயரத்துக்கு மட்டுமே வரும் ஒரு கார் வாங்கினேன். அதில் ஏறுவதற்கு முதலில் பின்பக்கத்தை உள்ளே எறிய வேண்டும். பிறகு கால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே வைக்க வேண்டும். இறங்குவது இன்னும் விசேஷம். வலது காலைத் தெருவில் வைத்து, உள்ளங்கையைத் தார்ச்சாலையில் ஊன்றி, யாரிடமோ மன்னிப்புக் கேட்பவன் போலக் கொஞ்ச நேரம் மண்டியிட்டிருந்துவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். பாண்டி பஜாரில் முதல் தடவை அப்படி இறங்கியபோது, பூ விற்கும் அம்மாள் ஒருவர், “பெரியவரு வுழுந்துட்டாருபா, யாராச்சும் ஒரு சோடா வாங்கியாங்க!” என்று குரல் கொடுத்தார். சோடா வந்தும்விட்டது. விழவில்லை, இறங்கினேன் என்று விளக்கலாமா என்று பார்த்தேன். சோடாவைக் குடித்துவிடுவது சுலபமாக இருந்தது.

கார் எண்பதுகளில் ஜப்பானில் செய்தது. முன்பக்கம் மரம் பிளக்கும் ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். கூரையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். முன்விளக்குகள் பகலெல்லாம் மூடிக்கொண்டு தூங்கும், சுவிட்சைப் போட்டால் இமை திறந்தாற்போல் மேலே எழும்பும். இடதுபக்கத்து விளக்கு மட்டும் சற்று யோசித்துவிட்டு எழும்பும். அதனால் அந்தி வேளையில் எதிரே வருகிறவர்களைப் பார்த்து என் கார் கண்ணடிக்கிறது. அடையாறு சிக்னலில் இதற்காக ஒரு ஸ்கூட்டர் அம்மாளிடம் மன்னிப்பே கேட்டிருக்கிறேன்.

கல்லூரி விடுதியில் என் அலமாரிக் கதவின் உட்பக்கம் இந்தக் காரின் படம் ஒட்டியிருந்தது. மற்ற பையன்கள் நடிகைகளை ஒட்டியிருந்தார்கள். அவர்களுக்கு நடிகை கிடைக்கவில்லை, எனக்குக் கார் கிடைத்துவிட்டது. யார் அதிர்ஷ்டசாலி என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஷெட்டின் மூலையில், பழைய திரைச்சீலை போர்த்திக் கிடந்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்து விட்டுப்போனதாம். அதை எழுப்பி நடமாட வைத்த மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது வண்டி இல்ல நைனா, பச்சக் கொழந்த. ஊட்ல ஆளு இருந்துகினே இருக்கணும். உனுக்கு டயம் கீதா?” என்றார். நேரம் நிறைய இருந்தது. வேறெதுவும்தான் அவ்வளவு இல்லை.

அதற்கு முன்புதான் நானும் என் மனைவியும் பிரிந்திருந்தோம். சண்டையெல்லாம் இல்லை. சண்டைக்குத் தேவையான அளவு பேச்சு எங்களிடம் மிச்சம் இருக்கவில்லை. குழந்தைகளும் இல்லாததால் பங்கு போட வேண்டியவை புத்தகங்கள்தான். அவள் மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்குப் போனாள், நான் அடையாறு ஃபிளாட்டில் தங்கினேன். வக்கீல் வரைக்கும் போகவில்லை. போவதென்றால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் கிளம்பியாக வேண்டுமே.

காரில் இரண்டே இருக்கைகள். வாங்கும்போது அது அடக்கமான எண்ணிக்கையாகத்தான் தோன்றியது. ஒன்று உபரி என்பது பிறகுதான் தெரிந்தது. என் பக்கத்து இருக்கையில் காய்கறிப் பை வந்திருக்கிறது, குடை வந்திருக்கிறது, நூலகப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஒரு தடவை திருவான்மியூரிலிருந்து தர்பூசணி ஒன்றை பெல்ட் மாட்டிக் கூட்டிவந்தேன். மத்திய கைலாஷ் அருகே ஒரு ஆட்டோ குறுக்கே வர, பிரேக் போட்டேன். என் இடது கை தானாகவே நீண்டு தர்பூசணியைத் தடுத்துப் பிடித்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த காலத்தில் கைக்குப் பழகியது. கைக்கு யாரும் செய்தி சொல்லவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கிளம்பி, பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன். அவ்வளவு தாழ்ந்த காரிலிருந்து பார்த்தால் சென்னைக்கு முகமே கிடையாது. பஸ்ஸின் சக்கரம், லாரியின் வயிறு, நடப்பவர்களின் முழங்கால், இவ்வளவுதான் ஊர். சிக்னலில் நின்றால் மட்டும் பைக்கில் இருப்பவர்கள் குனிந்து பேசுவார்கள். “எந்த வருசம் சார்?” “மைலேஜ் இன்னா குடுக்குது?” “விக்கிற ஐடியா கீதா?” பச்சை விழுந்ததும் பேச்சு முடிந்துவிடும். அதனால் பச்சை விழ வெகுநேரமாகும் சிக்னல்களாகப் பார்த்துப் போக ஆரம்பித்தேன். நந்தனம் சிக்னல் எனக்கு ரொம்பப் பிடித்தமானது.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் என் மனைவியின் தம்பி போன் செய்தான்.

“அத்திம்பேர், சௌக்கியமா?”

எங்கள் பக்கத்தில் அக்காவின் கணவருக்கு அத்திம்பேர் என்று பெயர். அத்தையின் கணவருக்கும் அதேதான். அக்கா அம்மாவோடு அவன் வீட்டில் இருக்கிறாள், அத்திம்பேர் என்ற பட்டம் மட்டும் அடையாற்றில் தனியாக என்னிடம் கிடந்தது. அந்த வார்த்தையால் யாரும் என்னைக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சௌக்கியம் என்றேன்.

“கொழந்தைக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுத்து அத்திம்பேர். மண்டபம் மயிலாப்பூர்லயே கிடைச்சுடுத்து. ஜானவாசத்துக்கு உங்க கார்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா.” குழந்தை என்றால் அவனுடைய மகள்.

ஜானவாசம் என்றால் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டித் திறந்த காரில் உட்கார்த்தி, பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நாதஸ்வரத்தோடு ஊர்வலமாக அழைத்து வருவது. மாப்பிள்ளை எப்படியிருக்கிறார் என்று ஊர் பார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு.

“நானும் வரணுமாடா?” என்று கேட்டேன்.

“என்ன கேள்வி இது? நீங்க இல்லாம காரா?”

அன்று ராத்திரி முழுக்க இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டிருந்தேன். கார் கேட்பது ஒரு சாக்கு, என்னை உள்ளே கூப்பிடத்தான் இந்த வழி என்று எனக்கு நானே வியாக்கியானம் எழுதிக்கொண்டேன். அந்த வீட்டில் எனக்கு இன்னும் ஒரு இடம் இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியவேண்டியிருந்தது. நேராகக் கேட்க தைரியம் இல்லாதவனுக்கு ஒரு கல்யாணம் வசதியான காரணம்.

தி.நகருக்குப் போய் ஜரிகை வேஷ்டியும் மாம்பழக் கலரில் ஒரு பட்டுச் சட்டையும் எடுத்தேன். கடைக்காரப் பையன், “பொண்ணுக்கு நீங்க என்ன முறை சார்?” என்றான். “அத்திம்பேர்” என்றேன். “அப்ப கிராண்டா எடுத்துருவோம் சார்” என்று, கையிலிருந்த சாதாரண ரகத்தை மடித்து வைத்துவிட்டான்.

காரை மெக்கானிக்கிடம் காட்டினேன். ஊர்வலம் என்றதும் முகம் சுளித்தார். “நட வேகத்துல போனா கொதிக்கும் நைனா. காத்து வாங்காது. முள்ளு மேல ஏறிச்சுன்னா உள்ளார ஹீட்டர் கீது பாரு, அத்த ஃபுல்லா வுட்ரு. எஞ்சின் சூடு உன் கால்மேல வந்துரும், வண்டி தப்பிச்சிக்கும்.”

“மாப்பிள்ளை கோட்டு சூட்டுல இருப்பாரே?”

“கண்ணாலம் பண்ணிக்கப் போற ஆளு. இதக்கூட தாங்கலன்னா எப்டி?”

அன்றைக்குச் சாயங்காலம், மெட்ரோ வேலைக்காக அடைத்த தெருக்களை எல்லாம் சுற்றிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பிள்ளையார் கோயில் வாசலுக்குப் போய்விட்டேன். கூரையைக் கழற்றி வைத்தேன். கார் மேல் ஒரு மல்லிகைச் சரத்தை மட்டும் போட்டிருந்தேன், கல்யாண வீட்டு அலங்காரத்தை மிஞ்சக்கூடாது என்று. நாதஸ்வரக்காரர்கள் ஒத்துப் பெட்டியை முடுக்கிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் வியர்த்து விறுவிறுக்க வந்தான்.

“அத்திம்பேர், ஒரு நிமிஷம் இப்படி வாங்கோ.”

செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் என்னை ஒதுக்கிக்கொண்டு போனான்.

“ஒரு சின்ன சங்கடம். பொண்ணு பாக்க வந்தப்போ சம்பந்தியாத்து மாமி அக்காவப் பாத்து, ஆத்துக்காரர் எங்கே, காணுமேன்னு கேட்டுட்டா. அம்மா சட்டுனு, மஸ்கட்ல இருக்கார்னுட்டா.”

“மஸ்கட்டா? ஏன் மஸ்கட்?”

“துபாய்னா அவாளுக்குத் தெரிஞ்சவா யாராவது இருப்பாளே அத்திம்பேர்.”

மாமியார் யோசிக்காமல் எதையும் சொல்கிறவர் அல்ல. அது எனக்குத் தெரியும்.

“அப்புறம் அது அப்படியே வளந்துடுத்து. லீவு கிடைக்கலை, கல்யாணத்துக்கு வர முடியலைன்னு போன வாரம்தான் சொன்னோம். அவாளும் ரொம்ப வருத்தப்பட்டா.”

“சரி, இப்போ நான் யாரு?”

அவன் என் புதுச் சட்டையைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான். “ரெண்டு சீட்டுதான்கறத நான் யோசிக்கவே இல்லை அத்திம்பேர். பெரிய கார்னா டிரைவர் முன்னால இருப்பான், யாரும் பாக்க மாட்டா. இதுல எந்தப் படம் எடுத்தாலும் மாப்பிள்ளையும் நீங்களும்னா ஜோடியா விழுவேள்! இவ்வளவு கிராண்டா இவர் யாருன்னு கேப்பாளே?”

காரை மட்டும் தன் டிரைவர் ஓட்டட்டுமே என்றான். அவனுடைய பெரிய காரை ஓட்டும் டிரைவர், வடபழனிக்காரர், என் வயதுக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். ஏறி உட்கார்ந்து பார்த்தார். என் காரில் கிளட்சு கடைசி விரற்கடையில்தான் பிடிக்கும். இரண்டு தடவை குதித்து நின்றுவிட்டது.

“சார், இது வண்டியா, தொட்டிலா? படுத்துகினே எப்டி சார் ஓட்றது?”

தூரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் திரும்புவது தெரிந்தது. மைத்துனனின் பார்வை டிரைவரின் வெள்ளைச் சட்டையில் போய் நின்றது. அவன் என்ன கேட்கப் போகிறான் என்று எனக்கும் புரிந்துவிட்டது, டிரைவருக்கும் புரிந்துவிட்டது. டிரைவர் அதற்குள் மேல் பட்டனைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

“மண்டபத்துக்குப் போனதும் எல்லாத்தையும் சரி பண்ணிடறேன் அத்திம்பேர்,” என்றான்.

கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் கோபமாக ஏறிக் கிளம்பும் கார் இல்லை அது. பின்பக்கத்தை எறிந்து, கால்களைப் பொறுக்கி உள்ளே வைப்பதற்குள் கோபம் ஆறிவிடும், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதோடு, மண்டபத்துக்குப் போனதும் என்று அவன் சொன்னதும் காதில் விழுந்திருந்தது. செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டோம். டிரைவர் ஒல்லி. அவருடைய சட்டையில் என் வயிற்றுக்கு நேரான பட்டன், போடும்போதே எச்சரிக்கை செய்தது. காருக்குள் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே தெரியாது என்பதால் வேஷ்டி அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. என் மாம்பழக் கலர் சட்டை அவருக்குத் தைத்தாற்போல் இருந்தது.

“சார், பெர்ப்யூம்லாம் போட்டுகீறீங்க போல, கமகமன்னு கீது,” என்றார் சந்தோஷமாக.

நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபோது என் மனைவி சீர்த்தட்டோடு வந்தாள். ஒரு வருஷத்துக்கும் மேலாகி அப்போதுதான் பார்க்கிறேன். அரக்குப் பட்டுப் புடவை, நான் பார்த்திராத கண்ணாடி. என் முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க அவள் செய்வது அது. அதற்கு நான் காரணமாக இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

“டிரைவர், மெதுவா ஓட்டுங்கோ,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை கறுப்புக் கோட்டில் வந்தார். தரமணியில் ஏதோ கம்பெனியில் வேலை. ஏறத் தெரியாமல் தவித்தவருக்கு, “மொதல்ல பின்பக்கம் சார், அப்புறம் கால்” என்று சொல்லிக்கொடுத்தேன். மாலை போட்டார்கள், சந்தனம் தடவினார்கள், பன்னீர் தெளித்தார்கள். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கொஞ்சம் தெறித்தது. நாதஸ்வரம் ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டேன். வலது கண் திறந்தது, இடது கண் யோசித்தது, திறந்தது. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். “இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!” தெரு முழுக்க என் கார் கண்ணடித்துக்கொண்டே போனது.

தவில்காரர் நின்று வாசித்தால் ஊர்வலம் நிற்கும், நகர்ந்தால் நகரும். ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் முள் மேலே ஏற ஆரம்பித்தது. வேறு வழியில்லை. “சார், மன்னிச்சிருங்க,” என்று சொல்லிவிட்டு ஹீட்டரைத் திறந்தேன். ஜூன் மாதத்து மயிலாப்பூரில், கோட்டு சூட்டும் ரோஜா மாலையும் அணிந்த ஒரு மனிதரின் முழங்கால் மேல் அடுப்புக் காற்று வீசியது.

“இது என்ன அண்ணா, ஏசியா?”

“ஹீட்டர் சார். போடலன்னா வண்டி கொதிச்சிரும்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நல்ல பையன். வீடியோக்காரர் நெருங்கி வரும்போதெல்லாம் சிரிப்பை நிறுத்திக் கம்பீரமாகப் பார்ப்பார், போனதும் மறுபடி சிரிப்பார். இந்தக் காரில் என் பக்கத்தில் யாரும் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை என்று திடீரென்று உறைத்தது.

“அண்ணா எந்த ஏரியா?”

“வடபழனி,” என்றேன். சட்டையோடு முகவரியும் வந்திருந்தது.

“இவாளோட ரொம்ப நாளாப் பழக்கமா?”

“ரொம்ப நாளா சார்.”

“அப்போ பொண்ணோட அத்திம்பேரத் தெரியுமா? மஸ்கட்ல இருக்காரே?”

எனக்குத் தெரிந்த சென்னைத் தமிழையெல்லாம் கூட்டிப் பெருக்கி, “கேள்விப்பட்டுகீறேன் சார்,” என்றேன். அதைச் சொன்ன விதத்தில் எந்த வடபழனிக்காரரும் சிரித்திருப்பார். மாப்பிள்ளை கவனிக்கவில்லை.

“ரொம்ப தமாஷா பேசுவாராமே. அத்தை சொல்லியிருக்கா. எந்த ஊர்ல இருந்தாலும் ஞாயித்துக்கிழமை காலம்பற தவறாம போன் பண்ணிடுவாராம். அத்தைக்குப் பல்வலி வந்தப்போ, ராத்திரி பூரா லைன்லயே இருந்தாராம். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலையாம், சும்மா லைன்ல இருந்தாராம். எனக்கு அதக் கேட்டப்போ, நாமளும் இப்படி இருக்கணும்னு தோணித்து.”

தவில்காரர் தீர்மானம் என்கிற முத்தாய்ப்பை முடிக்காமல் இழுத்துக்கொண்டே போனார். அவளுக்குப் பல்வலி வந்ததே எனக்குத் தெரியாது. மஸ்கட் என்ற ஊரை மாமியார் சொன்னதாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் பல்வலியும் வேறொருத்தியின் கைவேலை. உட்கார்ந்து, நிதானமாக, ஒருவரைச் செய்திருக்கிறாள். பெயரளவில் அது நான்தான். ஆனால் அங்கே இருந்த நான், இங்கே இருந்த என்னைவிட எல்லா விதத்திலும் ஒழுங்கானவனாக இருந்தேன்.

நான்தான் அது என்று சொல்லிவிடலாம் போல் இருந்தது. பக்கத்தில் காதுக்கு எட்டும் தூரத்தில் அவர் முகம். சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்தேன். ஒரு பெண்ணின் கல்யாணம் குழம்பும். அதைவிட, இவ்வளவு நல்ல மனிதரை இந்த இறுகிய சட்டைக்குள் காட்ட வேண்டியிருக்கும்.

“நல்ல மனுசன்னுதான் சொல்றாங்க சார்,” என்றேன்.

மண்டபம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஹீட்டரும் கைவிட்டது. முதுகுக்குப் பின்னாலிருந்து ஆவி கிளம்பியது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன், எப்போதும் போலவே, கையை ஊன்றி, மண்டியிட்டு, எழுந்து. ஜெனரேட்டர் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டைக்குக் கீழே என் ஜரிகை வேஷ்டி தகதகத்தது. மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம், “டிரைவருக்கே அஞ்சு விரக்கடை ஜரிகை. நல்ல இடத்துலதான் சம்பந்தம் பண்ணியிருக்கோம்,” என்றார்.

பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். நான் மறுபடி ஏறி, நியூட்ரலில் போட்டு, வளைத்துக் கொடுத்தேன். சத்தமே இல்லாமல் அந்தக் கார் அவ்வளவு நன்றாகப் போனது அதுதான் முதல் தடவை.

ஆரத்தி சுற்றினார்கள், மாப்பிள்ளையை இறக்கினார்கள், நாதஸ்வரம் உள்ளே போயிற்று, எல்லோரும் உள்ளே போனார்கள். ஒரு ஊர்வலம் இவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்று எனக்குத் தெரியாது. எஞ்சின் ஆறும்வரை வாசலில் காரோடு நின்றேன். திறந்திருந்த கதவு வழியாக மேடையின் ஒரு ஓரம் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் மாம்பழக் கலர் ஒன்று இங்கும் அங்கும் போய்வந்துகொண்டிருந்தது. யாரோ அதற்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள், யாரோ நாற்காலி போட்டார்கள். என் சட்டைக்குச் சபையில் நல்ல மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மைத்துனன் வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. “உள்ள வாங்கோன்னு சொல்ல வாய் வரலை அத்திம்பேர். அவா எல்லாரும் நம்ம டிரைவர்னே நெனைச்சுண்டிருக்கா. பார்சல் கட்டச் சொன்னேன். பாதாம் அல்வா தனியா வெச்சிருக்கு.” அவன் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. அல்வாவுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பக்கத்து இருக்கையில் ரோஜா இதழ்களும் மாப்பிள்ளையின் நனைந்த கைக்குட்டையும் கிடந்தன. கூரையை மாட்ட மனமில்லாமல் அப்படியே ஓட்டினேன். மந்தைவெளி தாண்டியதும் இதழ்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் பின்னால் பறந்தன. ஃபிளாட் செக்யூரிட்டி என் சட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் யார் என்று கேட்கப் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் பார்சலைப் பிரித்தேன். மஸ்கட்டில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இருக்கிறவன் இன்னும் சாப்பிட உட்கார்ந்திருக்க மாட்டான். ஒருவேளை போனில் இருப்பான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கார் எடுக்கவில்லை. காலையில் காபி போட்டு, பால்கனியில் உட்கார்ந்து, போனில் அவள் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டேன். மஸ்கட்காரன் இதை எப்படி ஆரம்பிப்பான் என்று யோசித்தேன். கல்யாணம் நல்லபடியா நடந்துதா என்று கேட்பானா, பல்லைப் பற்றிக் கேட்பானா. விரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றுகொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

டிரைவர். கையில், தோய்த்து இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் மடித்த என் பட்டுச் சட்டை. அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொடுத்தேன். பட்டன் ஒன்று போயிருந்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர் போல நின்றார்.

“சார், தப்பா நெனச்சிக்காதீங்க. அன்னிக்கு மண்டபத்துல ஒரு மேட்டர் ஆயிப்போச்சு. உங்க சட்டையப் போட்டுகினு உங்க ஊட்டம்மா பக்கத்துல தட்டு வாங்கிக்கினு நின்னனா, மாப்ள அப்பா நேரா வந்து என் கையப் புடிச்சிகினாரு. மஸ்கட்லேர்ந்து எப்ப வந்தீங்கன்றாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் இன்னா சார் பண்றது, சுத்தி அவ்ளோ பேரு. காலைலதான் வந்தேன்னுட்டேன். ஒரே குஷி அவருக்கு. அங்க வெயிலு எப்டின்னாரு. நம்ம ஊரு பரவால்லன்னேன். புட்ச்சி இஸ்த்து ஸ்டேஜ்ல நிக்க வெச்சி போட்டோ எட்த்துட்டாங்க சார். மொத பந்தியிலயே எல போட்டாங்க.”

“அம்மா பக்கத்துலயா?”

“பக்கத்துலதான் சார்.”

போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தேன். “அவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“ரொம்ப நேரம் ஒதட்டக் கட்ச்சிகினே இருந்தாங்க சார். அப்பறமா பாயசம் சாப்டும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. ‘இந்தச் சட்டை உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு’ன்னாங்க.”